என்றும் 39 வயது: முதுமை நகைச்சுவையும் கார் நிறுவனங்களின் சரிவும்

அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஜாக் பென்னி 1974 டிசம்பர் 26 அன்று தம் 80ஆம் வயதில் இறந்தார். ஆனால் அவருடைய நேயர்களுக்கு அவர் ஏறத்தாழ கால் நூற்றாண்டாக 39 வயதுக்காரர். 1932இல் வானொலிக்கு வந்து, 1965 வரை தொலைக்காட்சியில் சொந்த நிகழ்ச்சி நடத்திய அவர், இரண்டு நகைச்சுவைகளைக் கடைசிவரை விடவில்லை. ஒன்று, தம் வயது 39ஐத் தாண்டவே தாண்டாது என்று அவர் பிடித்த பிடிவாதம். மற்றொன்று, கஞ்சத்தனத்தால் அவர் விற்க மறுத்த ஓட்டை மாக்ஸ்வெல் கார். மூப்பை ஒத்துக்கொள்ளாத மனிதரும், ஓய்வு கொடுத்திருக்க வேண்டிய வண்டியும் ஒரே நிகழ்ச்சியில் இணைந்திருந்தது தற்செயலாகத் தோன்றலாம். ஆனால் முதுமையைப் பற்றிய சிரிப்புக்கும் கார் நிறுவனங்களின் வாழ்வு தாழ்வுக்கும் இடையே ஓர் உறவு உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஓல்ட்ஸ்மொபில் பிரிவு 1988இல் செய்த ஒரு விளம்பரத்தில் அந்த உறவு வெளிப்பட்டது. அங்கே அந்தச் சிரிப்பு கசப்பில் முடிந்தது.

இந்தக் கட்டுரை முன்வைக்கும் கருத்து இதுதான்: கார் நிறுவனங்கள் சரியும்போது, அவற்றின் கார்களை வாங்குவோரின் முதுமையே நோய் என்று சொல்லிவிடுகிறார்கள். அது உண்மைக்கும் மாறானது, முதியவர்களுக்கும் அநீதியானது.

மாக்ஸ்வெல் என்ற கார்

பென்னியின் வீட்டு வாசலில் இருமிக்கொண்டு நின்ற கார் கற்பனைப் பெயர் கொண்டதல்ல. ஜோனதன் மாக்ஸ்வெல், பெஞ்சமின் பிரிஸ்கோ என்ற இருவர் 1904இல் தொடங்கிய நிறுவனத்தின் தயாரிப்பு அது. நியூயார்க் மாநிலத்தின் டாரிடவுனில் அதன் தொழிற்சாலை இருந்தது. 1909இல் ஆலிஸ் ராம்ஸி என்ற 22 வயதுப் பெண், மூன்று தோழியரை ஏற்றிக்கொண்டு ஒரு மாக்ஸ்வெல் காரை நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை 59 நாட்களில் ஓட்டிச் சென்றார். அமெரிக்காவின் குறுக்கே காரோட்டிய முதல் பெண் அவர். பெரும்பகுதி தூரம் மண்பாதை. மழை பெய்தால் சேறு. காரின் உறுதியை ஊருக்குக் காட்ட விரும்பிய நிறுவனமே அந்தப் பயணத்துக்குப் பின்னால் நின்றது. அன்றைக்கு மாக்ஸ்வெல் என்றால் இளமை, துணிச்சல், புதுமை.

அடுத்த ஆண்டே கதை மாறத் தொடங்கியது. 1910இல் பல சிறு நிறுவனங்களைச் சேர்த்து யுனைடெட் ஸ்டேட்ஸ் மோட்டார் கம்பெனி என்ற கூட்டமைப்பை உருவாக்கினார்கள். 1912இல் அது சரிந்து விழுந்தபோது மாக்ஸ்வெல் மட்டும் தப்பியது. வால்டர் ஃபிளாண்டர்ஸ் பொறுப்பில் டெட்ராயிட்டுக்கு இடம் மாறி மீண்டும் எழுந்தது. முதல் உலகப் போருக்குப் பிந்தைய மந்தத்தில் விற்காத கார்கள் குவிந்தன, கடன் ஏறியது. பின் அச்சு பலவீனமானது என்ற கெட்ட பெயரும் சேர்ந்துகொண்டது. கடன் கொடுத்த வங்கிகள் வால்டர் கிரைஸ்லரை அழைத்தன. அவர் தேங்கிக் கிடந்த கார்களின் குறையை முதலில் சரிசெய்தார். பிறகு ‘நல்ல மாக்ஸ்வெல்’ என்று பெயர் சொல்லியே விற்றார். 1924இல் தம் பெயரில் புதிய ஆறு சிலிண்டர் காரைக் கொண்டுவந்தார். 1925 ஜூனில் கிரைஸ்லர் கார்ப்பரேஷன் உருவானது. மாக்ஸ்வெல் என்ற பெயர் மறைந்தது. அதன் நான்கு சிலிண்டர் கார், பெயர் மாறிப் பெயர் மாறி, 1928இல் பிளிமத் ஆனது.

ஆக, பென்னியின் நிகழ்ச்சியில் 1937 வாக்கில் மாக்ஸ்வெல் நுழைந்தபோது அந்தப் பெயர் சந்தையை விட்டுப் போய் 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. வானொலியில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. அன்றைய நிகழ்ச்சிகள் விளம்பரதாரரின் பெயரிலேயே நடந்தன. பென்னிக்கே 1933-34இல் ஷெவர்லே கார் விளம்பரதாரராக இருந்தது. பிறகு ஜெல்லோ, பிறகு லக்கி ஸ்டிரைக் சிகரெட். விற்பனையில் இருக்கும் எந்தக் காரைக் கேலி செய்தாலும் யாராவது ஒரு நிறுவனம் கோபித்துக்கொள்ளும். மாக்ஸ்வெல்லுக்காகக் கோபிக்க யாரும் மிச்சமில்லை.

அந்தக் காரின் சத்தமே ஒரு பாத்திரமாக இருந்தது. இசைத்தட்டில் பதிவு செய்த எஞ்சின் ஒலி ஒருமுறை நேரடி ஒலிபரப்பில் இயங்க மறுத்தபோது, குரல் கலைஞர் மெல் பிளாங்க் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு இருமியும் செருமியும் விக்கியும் தொண்டையாலேயே அந்த வண்டியைக் கிளப்பினார் என்று சொல்வார்கள். அதன் பிறகு அந்த வேலை அவருக்கே நிலைத்தது. அந்த ஒலியைக் கேட்டவர்கள் ஒரு முதியவர் காலையில் படுக்கையை விட்டு எழும் முயற்சியையும் அதில் கேட்டார்கள். காரும் மனிதரும் ஒன்றாகிவிட்டார்கள்.

சிரிப்பு யார் மேல் விழுகிறது?

பென்னியின் வயது நகைச்சுவை ஒருவரையும் புண்படுத்தாததற்குக் காரணம் எளிது. அதன் இலக்கு அவரே. வயதை மறைக்கும் வீம்பு, புதுக் கார் வாங்காத கஞ்சத்தனம், எல்லாம் அவருடையவை. வாழ்க்கையில் அவர் தாராளமானவர் என்று உடன் பணியாற்றியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மேடையில் ஊரின் குறைகளைத் தம் தலையில் ஏற்றிக்கொண்டார். கேட்பவர் தம் மூப்பை அவரிடம் பார்த்துச் சிரித்தார். சிரித்ததால் பயம் சற்றுத் தணிந்தது. 1958இல் சிபிஎஸ் தொலைக்காட்சி அவருடைய ‘40ஆவது பிறந்தநாளை’ ஒரு முழு நிகழ்ச்சியாகவே கொண்டாடியது. அப்போது அவருக்கு உண்மையில் 64. அவர் வளர்ந்த வாக்கிகன் நகரில் அவர் பெயர் கொண்ட பள்ளியின் விளையாட்டு அணிகளும் 39 என்ற எண்ணையே தங்கள் பெயராக்கிக்கொண்டன. ஊரே பெருமையோடு சுமக்கும் அளவுக்கு அந்தப் பொய் அன்பானதாக இருந்தது.

சிக்மண்ட் பிராய்ட் 1927இல் எழுதிய சிறு கட்டுரை ஒன்றில், துன்பத்தில் இருக்கும் மனிதன் தன்னைப் பார்த்தே சிரிக்கும் நகைச்சுவையை மற்ற சிரிப்புகளிலிருந்து பிரித்துக் காட்டினார். அது மனிதன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் ஆறுதல். உலகம் தன்னை வீழ்த்திவிட முடியாது என்ற சிறு பிரகடனம். ஆனால் முதுமை குறித்து நாம் கேட்கும் சிரிப்பெல்லாம் இந்த வகை அல்ல. அமெரிக்க சமூகவியலாளர் எர்ட்மன் பால்மோர் 1971இல் முதுமை பற்றிய நகைச்சுவைத் துணுக்குகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, அவற்றில் பாதிக்கு மேல் முதுமையைத் தாழ்வாகவே காட்டுவதைக் கண்டார். முதிய பெண்களைப் பற்றியவை இன்னும் கடுமையாக இருந்தன. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1969இல்தான், மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் வயதின் பேரில் காட்டும் பாகுபாட்டை இனப் பாகுபாட்டுக்கும் பாலினப் பாகுபாட்டுக்கும் நிகராக வைத்துப் பேசத் தொடங்கியிருந்தார்.

இது வெறும் மனக்குறை சம்பந்தப்பட்ட விஷயமல்ல. யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவி குழுவினர் ஒஹையோ மாநிலத்தில் ஒரு சிற்றூரின் முதியவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த தரவுகளை வைத்து 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தம் மூப்பை நல்ல விதமாகக் கருதியவர்கள், இழிவாகக் கருதியவர்களைவிட சராசரியாக 7.5 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்பது அதன் முடிவு. முதுமையைப் பற்றி ஒரு சமூகம் திரும்பத் திரும்பச் சொல்வது, அதைக் கேட்டு வளர்பவரின் உடலிலும் போய்ச் சேர்கிறது.

எனவே, ஒருவர் தம் வயதைத் தாமே கேலி செய்துகொள்வது ஒரு வகை. இன்னொருவரின் வயதைக் காட்டி அவரை ஒதுக்குவது வேறு வகை. இந்த வேறுபாட்டை மறந்த கார் நிறுவனத்தின் கதைதான் ஓல்ட்ஸ்மொபில்.

லான்சிங் நகரின் புதுமைக் கூடம்

ரான்சம் ஓல்ட்ஸ் 1897இல் மிச்சிகன் மாநிலத்தின் லான்சிங் நகரில் இந்த நிறுவனத்தைத் தொடங்கினார். பெயரில் இருப்பது அவருடைய குடும்பப் பெயரே. 1901இல் வந்த ‘கர்வ்டு டாஷ்’ என்ற ஒற்றைச் சிலிண்டர் வண்டிதான் அமெரிக்காவில் பெருமளவில் உற்பத்தியான முதல் கார். விலை 650 டாலர். வளைந்த முன்பலகையும் கைப்பிடி போன்ற திசைமாற்றியும் அதன் அடையாளம். 1908இல் நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸுக்குள் வந்தது.

அடுத்த 60 ஆண்டுகளில் ஜெனரல் மோட்டார்ஸ் புதிதாக எதையாவது சோதித்துப் பார்க்க விரும்பினால் ஓல்ட்ஸ்மொபிலிடம்தான் கொடுக்கும். 1940ஆம் ஆண்டு மாடலில் ‘ஹைட்ரா-மேட்டிக்’ தானியங்கி கியர். பெருமளவில் விற்பனைக்கு வந்த முதல் முழுத் தானியங்கி கியர் அமைப்பு அது. 1949இல் ‘ராக்கெட்’ வி8 எஞ்சின். அதைப் பொருத்திய ‘88’ காரைப் புகழ்ந்து 1951இல் வந்த பாடல், ராக் அண்ட் ரோல் இசையின் தொடக்கப் பதிவுகளில் ஒன்றாக இன்றும் பேசப்படுகிறது. 1962இல் டர்போசார்ஜர். 1966இல் முன்சக்கர இயக்கம் கொண்ட டொரனாடோ. 1976இல் அமெரிக்காவிலேயே அதிகம் விற்ற கார் ஓல்ட்ஸ்மொபில் கட்லஸ். 1985இல் ஒரே ஆண்டில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓல்ட்ஸ்மொபில் கார்கள் விற்றன.

1949இல் ராக்கெட் எஞ்சினுக்காக வந்த 25 வயது இளைஞர் 1985இல் 61 வயதுக்காரர். அவர் இடையில் நாலைந்து கார்கள் மாற்றியிருப்பார். ஒவ்வொரு முறையும் அதே ஷோரூமுக்குத் திரும்பி வந்தவர். வேறொரு தொழிலில் இதை விசுவாசம் என்பார்கள். இங்கே அதுவே பிரச்சினை ஆனது.

உள்ளே நடந்த தவறுகள்

ஓல்ட்ஸ்மொபிலின் வீழ்ச்சியை வாடிக்கையாளர்களின் தலைநரைக்கு முன்பே தேட வேண்டும். முதல் விரிசல் 1977இல். தேவையைச் சமாளிக்க முடியாமல், டெல்டா 88 கார்கள் சிலவற்றில் ஷெவர்லே எஞ்சினை வைத்து அனுப்பினார்கள். வாங்கியவர்களுக்குச் சொல்லவில்லை. ராக்கெட் எஞ்சினுக்காகப் பணம் கொடுத்தவர்கள், ஆயில் ஃபில்டரும் ஃபேன் பெல்ட்டும் பொருந்தாதபோதுதான் விஷயத்தைத் தெரிந்துகொண்டார்கள். மாநில அரசு வழக்கறிஞர்கள் வழக்குப் போட்டார்கள். நிறுவனம் இழப்பீடு தர வேண்டியதாயிற்று.

இரண்டாவது அடி இன்னும் ஆழமானது. எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு சிக்கனத்தைத் தேடி 1978 மாடலில் 5.7 லிட்டர் டீசல் எஞ்சினைக் கொண்டுவந்தார்கள். டீசல் எஞ்சினில் அழுத்தம் பெட்ரோல் எஞ்சினைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. சிலிண்டர் ஹெட்டைப் பிடித்து வைக்கும் போல்ட்டுகள் அந்த அளவுக்குக் கூடுதலாகவும் வலுவாகவும் இருந்தாக வேண்டும். ஆனால் பெட்ரோல் எஞ்சினுக்கென்று ஏற்கெனவே இருந்த இயந்திரங்களிலேயே தயாரிக்கும் பொருட்டு, போல்ட்டுகளின் எண்ணிக்கையையும் இடத்தையும் மாற்றாமல் விட்டார்கள். போல்ட் நீண்டது அல்லது முறிந்தது, கேஸ்கெட் போனது, குளிர்விக்கும் நீர் சிலிண்டருக்குள் இறங்கி எஞ்சினை உடைத்தது. டீசலில் கலந்து வரும் தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டியும் வைக்கவில்லை. பம்பும் இன்ஜெக்டரும் துருப்பிடித்தன. 1985இல் அந்த எஞ்சினை நிறுத்தினார்கள். அதற்குள், இளம் வாங்குபவர்கள் மட்டுமா, அமெரிக்காவே டீசல் காரை ஒரு தலைமுறைக்கு மறந்தது.

மூன்றாவது, முகம் இழந்தது. ஒவ்வொரு வருமானத்துக்கும் ஒரு கார் என்பது ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் வகுத்த ஏணி. ஷெவர்லே, பாண்டியாக், ஓல்ட்ஸ்மொபில், பியூக், காடிலாக் என்று படிப்படியாக ஏற வேண்டும். 1980களில் செலவைக் குறைக்க எல்லாவற்றுக்கும் ஒரே அடித்தளம், ஒரே கதவு, ஒரே கண்ணாடி. நடுப்படியான ஓல்ட்ஸ்மொபிலுக்கு, தான் யார் என்று சொல்லிக்கொள்ள எதுவும் மிஞ்சவில்லை. போட்டியாளரான லிங்கன், ஹோட்டல் வாசலில் கார் கொண்டுவரும் பணியாளர் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய முடியாமல் தடுமாறுவதாக விளம்பரமே எடுத்தது. ஊரார் சிரித்தார்கள்.

அதே நேரத்தில் ஹோண்டா 1982 முதல் ஒஹையோவின் மேரிஸ்வில்லில் அக்கார்டு காரைத் தயாரித்துவந்தது. 1989இல் அமெரிக்காவில் அதிகம் விற்ற கார் அதுதான். ஓல்ட்ஸ்மொபில்காரர்களின் பிள்ளைகள் அங்கே போனார்கள். காரணம், கார் பழுதில்லாமல் ஓடியது.

அப்பாவை நோக்கி வீசிய வாசகம்

1988இல் லியோ பர்னட் விளம்பர நிறுவனம் எழுதிய வாசகம் வந்தது: ‘இது உங்கள் அப்பாவின் ஓல்ட்ஸ்மொபில் அல்ல.’ பிரபலங்கள் தங்கள் பிள்ளைகளோடு தோன்றினார்கள். நடிகர் வில்லியம் ஷாட்னரும் மகளும், பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டாரும் மகளும். வாசகம் நாடெங்கும் பேச்சுவழக்கில் கலந்தது. எதையாவது பழையதல்ல என்று சொல்ல வேண்டுமானால் இன்றும் அமெரிக்கர்கள் அந்த அமைப்பையே எடுக்கிறார்கள். விளம்பரமாக அது வென்றது. கார்கள் விற்கவில்லை. 1990இல் விற்பனை 1985இன் பாதிக்கும் கீழே போயிருந்தது.

ஏன்? அந்த நகைச்சுவையின் இலக்கைப் பார்க்க வேண்டும். பென்னி தம்மைக் கேலி செய்தார்; ஓல்ட்ஸ்மொபில் தன் வாடிக்கையாளரைக் கேலி செய்தது. 40 ஆண்டுகள் கூடவே வந்த மனிதருக்கு, உங்களைப் போன்றவர் ஓட்டுவதே இந்தக் காருக்குக் கறை என்று தேசியத் தொலைக்காட்சியில் சொன்னது. அப்பாவுக்கு அவமானம். மகனுக்கோ, அதுவரை சரியாகத் தெரியாத ஒன்றையும் நிறுவனமே எடுத்துக் கொடுத்தது: இது கிழவர்களின் கார்.

வாசகத்துக்குப் பின்னால் நிற்க வேண்டிய காரும் இல்லை. 1988 மாடலாக வந்த புதிய கட்லஸ் சுப்ரீம் இரண்டு கதவு வண்டி மட்டுமே. நான்கு கதவு மாடல் 1990இல்தான் வந்தது. கைக்குழந்தையோடு வரும் 30 வயதுத் தம்பதிக்கு இரண்டு கதவு காரால் என்ன பயன்? ஃபோர்டு தன் நான்கு கதவு டாரஸை இரண்டு ஆண்டுகள் முன்பே கொண்டுவந்திருந்தது. இளைஞர்களை அழைத்த நிறுவனம், இளைஞர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கவில்லை.

பிறகு நல்ல முயற்சிகளும் நடந்தன. 1995 மாடலாக வந்த அரோரா உண்மையாகவே உழைத்துச் செய்த கார். ஆனால் அதன் வெளிப்புறத்தில் ஓல்ட்ஸ்மொபில் என்ற பெயரை எங்கும் பொறிக்கவில்லை. தன் பெயரைச் சொல்லவே கூசும் நிலைக்கு நிறுவனம் வந்திருந்தது. 2000 டிசம்பர் 12 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் இந்தப் பிரிவை மூடுவதாக அறிவித்தது. 2004 ஏப்ரல் 29 அன்று லான்சிங்கில் கடைசி அலெரோ உற்பத்தி வரிசையை விட்டு இறங்கியது. அதைச் செய்த தொழிலாளர்கள் அதில் தங்கள் கையெழுத்தை இட்டார்கள். 107 ஆண்டுகளில் 3.5 கோடிக்கும் மேற்பட்ட கார்கள். தம் பெயரை அந்தக் காரில் எழுத அவர்கள் கூசவில்லை.

தப்பிய இருவர்

வயதும் கேலியும்தான் ஒரு கார் நிறுவனத்தைக் கொல்கின்றன என்றால் ஸ்கோடாவும் பியூக்கும் இன்று இருக்கக் கூடாது.

பிரிட்டனில் 1980களில் ஸ்கோடாவைப் போலக் கேலிக்கு ஆளான கார் குறைவு. அதன் பின்கண்ணாடியைச் சூடாக்கும் வசதி எதற்கு, தள்ளும்போது கை விறைக்காமல் இருக்கத்தான் என்று மதுக்கடைகளில் சொல்லிச் சிரிப்பார்கள். 1991இல் ஃபோல்க்ஸ்வாகன் அதில் பங்கு வாங்கியது. முதலில் தொழிற்சாலையைச் சீர்செய்தது, அடுத்துக் கார்களை. விளம்பரம் கடைசியில்தான் வந்தது. 2000இல் புதிய ஃபாபியா வந்தபோது, பிரிட்டிஷ் விளம்பரத்தில் கார் நிறுத்துமிட ஊழியர் ஒருவர், இவ்வளவு அழகான வண்டியில் எவனோ ஸ்கோடா முத்திரையை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான் என்று உரிமையாளரிடம் வருத்தப்படுகிறார். கேலியை நிறுவனம் தன் மேல் ஏற்றிக்கொண்டது. பழைய வாடிக்கையாளர் ஒருவரையும் தொடவில்லை. பென்னியின் வழி அது. காரும் நன்றாக இருந்ததால் சிரித்தவர்கள் வாங்கினார்கள்.

பியூக் வாங்குவோர் ஓல்ட்ஸ்மொபில் வாங்குவோரைவிட இளையவர்கள் அல்ல. அமெரிக்காவில் பியூக் என்றாலே தாத்தாவின் கார் என்ற பேச்சு இருந்தது. ஆனால் சீனாவில் கடைசிப் பேரரசர் பூ யி காலத்திலிருந்தே அது மதிப்பின் அடையாளம். 1997இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஷாங்காயில் கூட்டு நிறுவனம் தொடங்கியபோது அங்கே தேர்ந்தெடுத்த பெயர் பியூக். 2009இல் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலானபோது, இளைஞர்களின் காராக விளம்பரப்படுத்தி வந்த பாண்டியாக் மூடப்பட்டது. தாத்தாவின் கார் பிழைத்தது. ஓர் ஊரில் முதுமை என்று ஒதுக்கியதை இன்னோர் ஊரில் மரபு என்று கொண்டாடினார்கள்.

நிறுவனத்துக்கு மூப்பு உண்டா?

மனிதருக்கு மூப்பு தவிர்க்க முடியாதது. அதனால்தான் அதைப் பற்றி நாமே சிரித்துக்கொள்ள ஒரு பென்னி தேவைப்படுகிறார். நிறுவனத்துக்கு அந்த விதி இல்லை. அதன் பொறியாளர்கள் மாறுகிறார்கள், மாடல்கள் மாறுகின்றன, ஆலை மாறுகிறது. 100 வயது நிறுவனம் நேற்றுப் பிறந்ததைப் போன்ற காரைச் செய்ய முடியும். ஓல்ட்ஸ்மொபிலே 60 ஆண்டுகள் அதைச் செய்து காட்டியது. ஆகவே ஒரு நிறுவனம் பழசாகிறது என்றால் யாரோ ஒரு தீர்மானம் எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். போல்ட்டைக் கூட்ட வேண்டாம் என்று ஒரு தீர்மானம், எஞ்சினை மாற்றியதைச் சொல்ல வேண்டாம் என்று ஒரு தீர்மானம், எல்லாக் காருக்கும் ஒரே கதவு போதும் என்று ஒரு தீர்மானம். அந்தத் தீர்மானங்களை எடுத்தவர்கள் மேசையின் ஒரு பக்கம் இருந்தார்கள்; பழி விழுந்ததோ மறுபக்கத்தில், காசோலையில் கையெழுத்திட்டு சாவியை வாங்கிக்கொண்ட முதியவர்கள் மேல்.

உலகின் பல நாடுகளில் மக்கள் தொகையில் முதியவர்களின் பங்கு ஏறிக்கொண்டே போகிறது. கார் மட்டுமல்ல, கைபேசி, வங்கி, பத்திரிகை, துணி என்று எல்லாவற்றையும் விற்பவர்கள், தங்களிடம் நரைத்த தலைகள் கூடிவிட்டனவே என்று இன்று கவலைப்படுகிறார்கள். அவர்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, இவர்கள் ஏன் இத்தனை ஆண்டுகள் நம்மோடு இருந்தார்கள் என்பது. அதற்கான விடையில், அவர்களுடைய பிள்ளைகள் ஏன் வரவில்லை என்பதற்கான விடையும் பெரும்பாலும் இருக்கும். முன்பு நன்றாகச் செய்த எதையோ இப்போது நன்றாகச் செய்யவில்லை. அதைச் சரிசெய்பவர்களுக்கு, யாரையும் கேலி செய்ய வேண்டிய தேவை வராது.